எப்போது மக்கர் செய்கிறது?

"ஜில்லுனு இருக்கும்போது ஒரே இழுப்புல பிடிச்சிக்குது ஐயா. ஓடி நின்னுட்டா, அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் எடுக்க மாட்டேங்குது."

எஞ்சின் பழுது பார்க்கும் எவரும் இந்த முறையீட்டைக் கேட்டிருப்பார்கள். இதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் பதிலும் ஊரறிந்தது: "இங்க நல்லாத்தானே ஓடுது!" முறையிட்டவர் பொய் சொல்லவில்லை. பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது, அவ்வளவுதான். ஆறியபின் அதில் ஒரு குறையும் தெரியாது. நம்பிக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் கழனியில் பாதி பாய்ந்த நிலையிலோ கடலில் வலை இழுத்து முடித்த நேரத்திலோ மறுபடி மக்கர் செய்கிறது.

திருவண்ணாமலையில் சின்ன எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு செய்தி. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். நம் கண்ணெதிரே நடக்கவில்லை என்பதற்காக, பட்டவர் சொல்லைத் தள்ளக் கூடாது. இதை எனக்கு எஞ்சின்கள் கற்றுக்கொடுத்தன. ஆனால் எஞ்சின்களைவிட மனிதர்களிடம்தான் இது அதிகம் தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் கிணற்றுப் பாசனப் பூமி. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் கிணற்றை நம்பியே விளைந்தன. மின்சாரம் எட்டாத கழனிகளில் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குமுன் மண்ணெண்ணெய்க் குழாயை மூடி, சிறிது நேரம் பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கார்ப்ரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. காலையில் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். ஆகவே "காலையில் எடுக்கவில்லை" என்று ஒருவர் வந்தால், முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டேன். "நேத்து சாயங்காலம் எப்படி நிறுத்தினே?" என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும்.

எது கெட்டது என்று தேடுமுன் எப்போது கெடுகிறது என்று கேட்க வேண்டும் என்பதை அந்த எஞ்சின்களிடம் படித்தேன். குளிரில் மட்டும் எடுக்கவில்லை என்றால் எரிபொருள் ஆவியாகவில்லை, அல்லது சோக் சரியாக மூடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து மெல்லத் தளர்ந்து நின்றால், டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். உள்ளே காற்று புகாததால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்றை இழுக்கும். உடனே எஞ்சின் எடுத்துவிடும். சூட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால் அது தனிக் குடும்பம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களில் கடற்கரை ஊர்க்காரர்களும் நிறையப் பேர். அப்படி மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், சாக்கில் கட்டி ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரைக் கொண்டுவந்தார். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற, இரண்டு ஸ்ட்ரோக் சிறு எஞ்சின். கைமாறி வந்தது. காலையில் ஒரே இழுப்பில் எடுக்கும். கரையிலிருந்து மீன் கிடக்கும் இடம்வரை மூச்சு விடாமல் ஓடும். அங்கே நிறுத்தி வலை வேலை பார்த்துவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தால் செத்த பிணம்போலக் கிடக்கும். காற்றும் நீரோட்டமும் படகை எங்கெங்கோ கொண்டுபோகும். வெகுநேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் எடுத்துக்கொள்ளும். காட்டிய பட்டறைகளிலெல்லாம் "நல்லா இருக்கு" என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிளக் மாற்றியாயிற்று, கார்ப்ரேட்டர் கழுவியாயிற்று, பெட்ரோல் குழாயும் மாற்றியாயிற்று. "நான் சொல்றத யாருமே நம்ப மாட்டேங்கறாங்க ஐயா" என்றார். எஞ்சின் கெட்டதைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியிருந்தது.

"கிரிவலம் போயிட்டு வா தம்பி, பார்த்து வைக்கிறேன்" என்று அவரை அனுப்பவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டேன். நிறுத்திய உடனே இழுத்தால் எடுக்குமா, இல்லை சிறிது நேரம் ஆன பிறகுதான் எடுக்க மாட்டேனென்கிறதா? எடுக்காதபோது பெட்ரோல் நாற்றம் வருகிறதா? கயிறு இழுக்கும்போது கைக்கு எப்போதும்போல் கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா? ஓடும்போது பின்பக்கத் துளை வழியாகக் குளிர்நீர் நூல்போல் பீய்ச்சுகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். கடலில் அந்த எஞ்சினோடு மாரடித்தவர் அவர்தானே. எந்தப் பட்டறைக்காரரையும்விட அதை அவர் அறிவார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஓடும்வரை கடல்நீர் எஞ்சினுக்குள் சுற்றிவந்து சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்திய மறுகணம் அந்தச் சுற்றோட்டம் நின்றுவிடும். சிலிண்டரில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் பக்கத்தில் உள்ள கார்ப்ரேட்டருக்கும், பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலுக்கும் பரவும். நிறுத்திய பிறகுதான் அவை மேலும் சூடாகின்றன. சித்திரை மாதம் மாலையில் கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு இது தெரியும்: சூரியன் இறங்கிய பிறகும் மலைப்பாறை உள்ளே வாங்கிய வெயிலை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினும் அப்படித்தான். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊர் கோடையில் காற்றே அந்தச் சூட்டில்தான் வீசுகிறது. கொதித்த பெட்ரோல் குழாயில் ஆவியாக அடைத்துக்கொள்ளலாம்; கார்ப்ரேட்டரிலிருந்து வழிந்து சிலிண்டரை நனைத்தும் விடலாம். நனைந்துவிட்டால் சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து இழுக்க வேண்டும். ஆத்திரத்தில் சோக் போட்டு இழுப்பவர்கள் மேலும் மேலும் நனைக்கிறார்கள்.

கயிற்றின் கனம் கம்ப்ரஷனைச் சொல்லும். ரிங் தேய்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும்வரை சந்து அடைபட்டிருக்கும். சூட்டில் ஆயில் நீர்த்ததும் காற்று நழுவிவிடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் டேப்பட் இடைவெளி குறைந்துவிட்டால், சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் நிற்கும். இரண்டிலும் கயிறு கைக்கு லேசாகிவிடும். பின்பக்கத் தண்ணீர் பலமாக வந்தால் உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இந்த இளைஞரின் எஞ்சினில் தண்ணீர் நன்றாக வந்தது, கயிறு கனமாகவே இருந்தது. டேங்க் மூடியைத் திறந்து வைத்தும் பயனில்லை. பிளக்கில் பெட்ரோல் வந்து நனைந்திருந்தது. சந்தேகம் கரன்ட்மேல் விழுந்தது.

பட்டறைக்கு வெளியே ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பலகையில் எஞ்சினை மாட்டி ஓடவிட்டோம். அவர் கடலில் ஓட்டும் அளவுக்கு நேரம் ஓடவிட்டு நிறுத்தினோம். வலை வேலைக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் காத்திருந்தோம். பிறகு இழுத்தார். எடுக்கவில்லை. அந்த இளைஞர் முகத்தில் அன்று பார்த்த மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது. எஞ்சின் எடுக்காததற்கு மகிழ்ச்சி! தான் சொன்னது உண்மை என்று இன்னொருவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்ற நிம்மதி அது.

பிளக்கைக் கழற்றி, பிளக் துளையைத் துணியால் மூடி, பெட்ரோலுக்கு எட்டத்தில் பிளக்கின் உடலை இரும்பில் அழுத்திப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். காலையில் நீலமாகச் "சடக்" என்று தெறித்த பொறி இப்போது இல்லை. காயிலில் மீட்டர் வைத்தேன். குளிரில் சரியான அளவு காட்டிய மீட்டர், சூட்டில் இணைப்பே இல்லை என்றது. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சொட்டு நீர் படாமல் காயில்மேல் ஒற்றினோம். ஆறியதும் பொறி வந்துவிட்டது. குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்.

காயிலுக்குள் மயிரிழைபோன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடுகிறது. அதில் எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். குளிரில் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் சுற்றியுள்ள பொருளெல்லாம் விரியும்போது முனைகள் பிரிந்துவிடும். நல்ல செம்புக் கம்பியிலும் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மின்தடை ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடிவிடும். இது இயல்பு. ஆனால் முழுதாக அறுந்துபோவது பழுது. மற்ற இடங்களில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இல்லை. எல்லாரும் குளிரில் வைத்தார்கள். சரியான கருவியைத் தவறான நேரத்தில் வைத்தால் அது சரியான எண்ணைக் காட்டித் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

புதுக் காயில் போட்டவுடன் எஞ்சின் எடுத்தது. அதை வைத்து அனுப்பிவிடவில்லை. குளிரில் எடுப்பது அதன் பழைய வழக்கம்தானே! மறுபடி அதே நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே நேரம் காத்திருந்து இழுத்தோம். எடுத்தது. எந்த நிலையில் பழுது வந்ததோ அந்த நிலையிலேயே பழுது போயிற்று என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

ஓடி நின்ற எஞ்சின் உடனே எடுப்பது உயிர்ப் பிரச்சினை என்பதை 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து வெள்ளம் எனக்கு உணர்த்தியது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிறைந்து, டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. இதுபோன்ற வெள்ளங்களில் மீட்புப் படையினர் ரப்பர் படகில் அவுட்போர்டு மோட்டார் மாட்டித்தான் போகிறார்கள். தண்ணீரில் தத்தளிப்பவரை நெருங்கும்போது, சுழலும் விசிறி அவரைக் காயப்படுத்தாமல் இருக்க எஞ்சினை நிறுத்துகிறார்கள். ஆளைத் தூக்கிப் படகில் போட்டதும் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். குளிரில் மட்டும் சோதித்து "நல்லா இருக்கு" என்று சீட்டு எழுதிய எஞ்சினை அந்தப் படகில் வைக்க யாருக்கு மனம் வரும்?

கோளாறை அது வரும் நிலையிலேயே பார்க்க வேண்டும் என்ற இந்த விதியைப் பட்டறைக்கு வெளியே மீறியதாலும் பேரிழப்பு வந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி, உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப்போனதுதான் அடிப்படைக் காரணம். அங்கே கோளாறு குளிரில் வருவது. முந்தைய இரவே அந்த ராக்கெட்டைச் செய்த பொறியாளர்கள் "இந்தக் குளிரில் வேண்டாம்" என்று வாதாடினார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. பிறகு விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற இயற்பியலாளர், அந்த ரப்பர்த் துண்டை இடுக்கியில் நெருக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீர் கிளாசில் போட்டு எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாததை எல்லார் முன்னாலும் காட்டினார். கோளாறு வரும் நிலையை மேசைமேல் உண்டாக்கிக் காட்டினார், அவ்வளவே. அதே சோதனையை முதல்நாள் இரவு மனதுக்குள்ளாவது செய்திருந்தால் ஏழு உயிர்கள் பிழைத்திருக்கலாம்.

மருத்துவத்தில் இதை மதித்த ஒருவரும் உண்டு. நெஞ்சு படபடப்பு என்று வருகிறவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இ.சி.ஜி. எடுத்தால் பல சமயம் ஒன்றும் தெரியாது. படபடப்பு வந்தது படியேறும்போது. நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர், மனிதன் நடமாடும்போதே இதயத் துடிப்பைப் பதியும் கருவியை உருவாக்கினார். தொடக்கத்தில் அது முதுகில் சுமக்கும் 38 கிலோ மூட்டை. 1961இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது சுருங்கிச் சுருங்கி, இன்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், சோதனையை நோயாளியின் வாழ்க்கைக்குள் அனுப்பிய மனிதர் அவர். அவருக்கு என் வணக்கம்.

இனி வீட்டுக்கு வருவோம். தாய்வீட்டுக்கு வந்த மகள், "அவர் கோபம் வந்தா வேற ஆளா ஆயிடறார்மா" என்கிறாள். "நம்மகிட்ட எவ்வளவு மரியாதையா பேசறார், மாப்பிள்ளை தங்கமாச்சே" என்கிறோம். நாம் பார்த்தது விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை. அவள் பார்ப்பது கடன்காரன் வந்துபோன ராத்திரியில் இருக்கும் மனிதனை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று காலையில் அழும் பிள்ளையை, மாலையில் விளையாடுவதைக் காட்டி, "நடிக்கிறான்" என்கிறோம். இரவு ஷிப்டில் இயந்திரம் உதறுகிறது என்று சொல்லும் தொழிலாளியிடம், பகலில் வந்து பார்த்த மேலாளர் "ஒன்றுமில்லையே" என்கிறார். எல்லாம் "இங்க நல்லாத்தானே ஓடுது" என்ற அதே பதில். அந்தப் பதில் பழுதைச் சரிசெய்வதில்லை. பழுதைப் பற்றிப் பேசும் வாயை மூடுகிறது. அடுத்த முறை அந்த மகள் சொல்ல மாட்டாள். அதுதான் மிகப் பெரிய ஆபத்து.

நம் ஊரில் எதற்கும் "ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது வழக்கம். இதில் பாதி சரி. சூடான எஞ்சினை வெறிகொண்டு இழுக்கக் கூடாது. சண்டை முடிந்த கையோடு நியாயம் பேசவும் கூடாது. சண்டை நின்ற பிறகும் உள்ளே சூடு பரவிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மேலும் நனைக்கும். அதனால் காத்திருங்கள். ஆனால் ஆறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவதுதான் நாம் செய்யும் தவறு. ஆறியதில் பழுது மறைந்தது, போகவில்லை. ஆறிய வேளையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: எந்த நேரத்தில், யார் முன்னால், எதற்குப் பிறகு அது வருகிறது என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது. அடுத்த முறை அந்தச் சூழல் வரும்போது பக்கத்தில் இருப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், குழாய், காயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது. காசும் போகும், பாடமும் போகும். படிக்காத பிள்ளைக்குப் பள்ளியையும் டியூஷனையும் நண்பர்களையும் ஒரே வாரத்தில் மாற்றுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவன் கண் சரியாகத் தெரிகிறதா, கரும்பலகை எழுத்து மாலை வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று கேட்டவர் குறைவு. கேட்டவர்கள் ஒரு மூக்குக் கண்ணாடியோடு முடித்துக்கொண்டார்கள்.

வயதாகிவிட்ட எங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வீட்டில் பெரியவர் முன்னால் எல்லாருமே ஆறித்தான் இருப்பார்கள். குரல் தாழ்ந்திருக்கும், முகம் மலர்ந்திருக்கும். நம் முன்னால் நடப்பதை வைத்தே குடும்பத்தை அளந்தால் நாம் காண்பது குளிர்ந்த எஞ்சினைத்தான். ஆகவே பெரியவர்கள் பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும். யாராவது தயங்கித் தயங்கி ஒரு குறையைச் சொன்னால், "அவன் அப்படி இல்லையே" என்று தொடங்கக் கூடாது. "எப்போ அப்படி ஆகுது? சொல்லும்மா" என்று தொடங்க வேண்டும்.

சொல்வதையெல்லாம் அப்படியே தீர்ப்பாக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இளைஞர் கார்ப்ரேட்டரில்தான் பழுது என்று நினைத்திருந்தார், இருந்தது காயிலில். பட்டவருக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எப்போது வலிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். காரணத்தை நாம் தேடலாம். வலியை நாம் மறுக்கக் கூடாது. பட்டறையில் இந்தப் பழக்கம் உள்ளவன் நல்ல மெக்கானிக் ஆகிறான். வீட்டில் இந்தப் பழக்கம் உள்ளவரிடம் பிள்ளைகள் உண்மை பேசுகிறார்கள். உங்களிடம் யாராவது இன்று ஒரு குறையைச் சொன்னால், அது எப்போது வருகிறது என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவரோடு போய் நில்லுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் திறமை எல்லாருக்கும் வாய்க்காது. கூடப் போய் நிற்பது எல்லாராலும் முடியும்.